பலகாரம் கேட்டவருக்கு டைல்ஸ் காட்டிய சர்வர்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் சிறு வணிகம் செய்வோர் சிலருடைய இணையத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். பலகாரக் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கண்டாங்கிச் சேலை விற்பவர், பூர்விக வீட்டின் ஒரு பகுதியை விடுதியாக்கியவர் என்று பலதரப்பட்டவர்கள். இவர்களில் எவருக்கும் தனி சர்வர் வாங்கும் அளவுக்குக் கூட்டம் வராது. ஆகவே மாத வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில், ஒரே ஐபி முகவரியில் (இணையத்தில் ஓர் இயந்திரத்தின் எண் முகவரி), எல்லாத் தளங்களும் இயங்குகின்றன. ஆனால் வாங்குபவர்களோ சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்; கடைக்கு நேரில் வர முடியாத அவர்களுக்குத் தளம்தான் கடை.

பலகாரக் கடையின் தளம் என் பொறுப்புக்கு வந்த புதிதில், சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆச்சி கடைக்காரரை அழைத்து, "ஏன் தம்பி, சீப்புச் சீடை கேட்டா தரைக்குப் போடற கல்லக் காட்டுதே, கடையை மாத்திட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் தம் கைபேசியில் பார்த்தார், சரியாகவே வந்தது. ஆச்சி ஏதோ தவறாகத் தட்டியிருப்பார் என்று விட்டுவிட இருந்தவர், போகிற போக்கில் என்னிடம் சொன்னார். ஆச்சி சரியாகத்தான் தட்டியிருந்தார். விளம்பரச் சீட்டில் அச்சிட்டபடி, முன்னால் மூன்று டபிள்யூ சேர்க்காமல், கடையின் மொட்டைப் பெயரை மட்டும் தட்டினார். கடைக்காரரின் கைபேசியிலோ மூன்று டபிள்யூவுடன் பழைய புக்மார்க் இருந்தது.

இது ஏன் நடந்தது என்பதற்கு ஒரு சர்வர் பல தளங்களைத் தாங்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எச்டிடிபி என்பது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறை. அதன் தொடக்கக்கால வடிவில் பிரவுசர் எந்தத் தளத்தை நாடி வந்திருக்கிறது என்பதைச் சர்வரிடம் சொல்வதே இல்லை. தளத்துக்கு ஒன்றாக ஐபி முகவரி வாங்க வேண்டியிருந்தது. 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068 என்ற இணைய விதி ஆவணமாக வெளிவந்த எச்டிடிபி 1.1, ஒவ்வொரு வேண்டுகோளிலும் 'ஹோஸ்ட்' என்ற தலைப்பு வரியைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு, செட்டிநாட்டு வீடுகளில் ஒரே கதவிலக்கத்துக்குள் அண்ணன் தம்பி குடும்பங்கள் தனித்தனிப் புள்ளிகளாக, தனி அறையும் தனி அடுப்புமாக இருந்ததைப் போல, ஒரே முகவரியில் பல தளங்கள் வாழ முடிகிறது. ஹோஸ்ட் வரியில் உள்ள பெயரை, உறையின் மேல் உள்ள பெயரைப் போலப் பார்த்து, உரியவரிடம் சேர்ப்பதுதான் விர்ச்சுவல் ஹோஸ்ட் செய்யும் வேலை.

சிக்கல் எங்கே என்றால், உறையில் உள்ள பெயருக்கு உரியவர் எவரும் இல்லாதபோது சர்வர் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்வதில்லை. சர்வரில் தளங்களை வழங்கும் மென்பொருள்களான அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் இந்த ஒன்றில் ஒரே குணம் கொண்டவை: வேறு எதையும் நாம் சொல்லாதிருந்தால், முதலில் படித்த தளத்தை எடுத்துக் கொடுத்துவிடும். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் தளங்களின் அமைப்புக் கோப்புகள் ஆங்கில அகரவரிசைப்படி படிக்கப்படுகின்றன. ஆத்தங்குடிப் பட்டறையின் கோப்பு இயல்பாகவே வரிசையில் முதலில் நின்றது. பலகாரக் கடையை முன்பு அமைத்தவர் 'சர்வர்நேம்' வரியில் மூன்று டபிள்யூ சேர்த்த பெயரை மட்டும் எழுதியிருந்தார். மொட்டைப் பெயரை டிஎன்எஸ்ஸில், அதாவது பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் ஏட்டில், சர்வருக்குத் திருப்பியிருந்தார். ஆனால் சர்வருக்கு அந்தப் பெயரைச் சொல்லி வைக்கவில்லை. எனவே மொட்டைப் பெயரில் வந்தவர்கள் எல்லாரும் டைல்ஸ் பட்டறைக்குப் போனார்கள். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, லாக் கோப்பில் அவ்வளவும் 200 என்ற வெற்றிக் குறியீடுகள். கண்காணிப்புக் கருவி அதைப் பிழையாகக் கருத வழியே இல்லை.

விர்ச்சுவல் ஹோஸ்ட் சார்ந்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பது என் கருத்து. தளம் விழுந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். தவறான தளம் நன்றாக இயங்கினால் யாராவது தொலைபேசியில் சொல்லும்வரை தெரியாது. அதனால் புதிய சர்வர் எதை எடுத்தாலும் தளங்களுக்கு முன்பாக, யாருக்கும் உரியதல்லாத ஒரு முதல் தொகுதியை எழுதுகிறேன்; தொகுதி என்பது ஒரு தளத்துக்கான அமைப்பு வரிகள். அப்பாச்சியில் அது மூன்று சுழியத்தில் பெயர் தொடங்கும் கோப்பு. டெபியன் அதை முன்னிருப்பாகவே தருகிறது, ஆனால் "தேவையில்லாத வரவேற்புப் பக்கம்" என்று பலர் முதல் வேலையாக அதைத்தான் நீக்கிவிடுகிறார்கள். நீக்காமல், அதன் உள்ளடக்கத்தை "இங்கே இல்லை" என்று சொல்லும் 404 பக்கமாக மாற்றிவிடுவது போதும். என்ஜின்எக்ஸில் 'லிசன்' வரியின் இறுதியில் 'டிஃபால்ட்_சர்வர்' என்று சேர்த்து, உள்ளே 444 என்ற குறியீட்டைத் திருப்பச் சொன்னால் பதில் எதுவும் தராமல் இணைப்பைத் துண்டித்துவிடும்.

அதே ஏற்பாட்டை, எச்டிடிபியின் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ் வந்து நுழையும் வாசலான 443 போர்ட்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எச்டிடிபிஎஸ்ஸில் ஹோஸ்ட் வரியைப் படிப்பதற்கு முன்பே, இந்தப் பெயருக்கு உரிய சர்வர்தான் என்பதற்குச் சான்றான சர்டிபிகேட்டைக் காட்டியாக வேண்டும். எந்தச் சர்டிபிகேட் என்பதைச் சொல்ல 2003-ல் எஸ்என்ஐ என்ற நீட்சி வந்தது. அதில் வரும் பெயருக்குப் பொருத்தம் இல்லையென்றால் இங்கும் முதல் தளத்தின் சர்டிபிகேட்தான் வெளியே போகும். பயனர் பார்ப்பது சிவப்பு எச்சரிக்கைப் பக்கம். அதன் விவரத்தைத் திறந்தால் அடுத்தவர் கடையின் பெயர் தெரியும். என்ஜின்எக்ஸ் 1.19.4 பதிப்பு முதல் 'எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக்' என்ற வசதி இருக்கிறது. பெயர் தெரியாதவரிடம் சர்டிபிகேட்டே காட்டாமல் கைகுலுக்கலை, அதாவது இணைப்பின் தொடக்க அறிமுகத்தை, மறுத்துவிடலாம். அப்பாச்சியில் முதல் தொகுதிக்கு என்று நானே ஒப்பமிட்ட ஒரு சர்டிபிகேட் வைத்துக்கொள்கிறேன். எச்சரிக்கை அப்போதும் வரும், ஆனால் ஒரு வாடிக்கையாளரின் பெயர் இன்னொருவருடைய வாசலில் தெரியாது.

இன்னொரு நுட்பம், தேடிக் கண்டுபிடிப்பதற்கு வெகுநேரம் எடுக்கக்கூடியது. ஒரு தளத்தின் தொகுதியில் ஐபி முகவரியை வெளிப்படையாக எழுதி, மற்றத் தளங்களில் நட்சத்திரக் குறி அல்லது வெறும் போர்ட் எண் எழுதியிருந்தால், அந்த முகவரிக்கு வரும் வேண்டுகோள்களில் பெயர் ஒப்பிடுதல் முகவரி எழுதிய தொகுதிகளுக்குள் மட்டுமே நடக்கும். மற்றத் தளங்களின் பெயர்கள் சரியாகவே எழுதப்பட்டிருக்கும், ஆனால் சர்வர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டிலும் இதே விதிதான். எல்லாத் தொகுதிகளிலும் ஒரே வடிவத்தில் எழுதுவதே இதற்கு மருந்து. அப்பாச்சியின் கட்டுப்பாட்டுக் கட்டளைக்குப் பெரிய எழுத்து எஸ் என்ற சுவிட்சைக் கொடுத்தால், ஒவ்வொரு போர்ட்டிலும் முதல் தளம் எது, எந்தப் பெயர் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வருகிறது என்பதை வரிசையாக அச்சிட்டுவிடும். புதிதாக ஒரு சர்வரைப் பொறுப்பேற்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

மொட்டைப் பெயரின் இன்னொரு பாதி டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. விடுதி நடத்தும் அண்ணன் ஒருவர் அறை முன்பதிவுச் சேவை ஒன்றில் சேர்ந்தார். அந்தச் சேவையினர் "எங்கள் முகவரிக்கு ஒரு சிநேம் போடுங்கள்" என்று எழுதியதைப் பார்த்து (சிநேம் என்பது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் டிஎன்எஸ் பதிவு), யாரோ அவருக்கு உதவுவதாக மொட்டைப் பெயரிலேயே சிநேம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தளம் திறந்தது, அறை விசாரித்து வரும் மின்னஞ்சல்கள் நின்றுபோயின. சீசன் இல்லாத மாதம் என்பதால் அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெயருக்குச் சிநேம் இருந்தால் அதே பெயருக்கு வேறு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது என்பது 1987-ல் வெளியான ஆர்எஃப்சி 1034 காலத்திலிருந்தே உள்ள விதி. மொட்டைப் பெயரிலோ, டொமைனின் டிஎன்எஸ் எங்கே நடக்கிறது என்று சொல்லும் எஸ்ஓஏ, என்எஸ் பதிவுகள் கட்டாயம் இருந்தே தீரும். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவும் அங்கேதான் இருக்கும். சில கட்டுப்பாட்டுப் பலகைகள் இப்படிப் போட முயன்றால் மறுத்துவிடும். மறுக்காதவைதான் ஆபத்தானவை: கேட்பவர் சிநேமைப் பின்தொடர்ந்து வேறு பெயருக்குப் போய்விடுவார், எம்எக்ஸ் பதிவு இருந்தும் இல்லாததாகிவிடும்.

சில டிஎன்எஸ் நிறுவனங்கள் 'அலையஸ்', 'ஏநேம்', 'சிநேம் ஃப்ளாட்டனிங்' என்ற பெயர்களில் இதற்கு மாற்றுவழி தருகின்றன. வெளியே, ஐபி முகவரியை நேராகச் சொல்லும் ஏ பதிவாகக் காட்டி உள்ளே சிநேமாக நடந்துகொள்ளும். அவை இருந்தால் நல்லதே. ஆனால் இங்குள்ள வணிகர்கள் டொமைன் வாங்கிய இடத்திலேயே டிஎன்எஸ்ஸையும் வைத்திருப்பார்கள். எல்லா இடங்களிலும் அது கிடைப்பதில்லை. ஆகவே விடுதிக்கு எளிய வழியாகச் செய்தது: மொட்டைப் பெயரின் ஏ பதிவை எங்கள் சர்வருக்குத் திருப்பி, மூன்று டபிள்யூ பெயருக்கு மட்டும் முன்பதிவுச் சேவையின் சிநேமைப் போட்டு, எங்கள் சர்வரில் மொட்டைப் பெயருக்கு வந்தவர்களை மூன்று டபிள்யூ பெயருக்குத் திருப்பிவிட்டோம். மின்னஞ்சல் தன் இடத்துக்குத் திரும்பியது. டொமைன் விற்பவர்கள் இலவசமாகத் தரும் 'ஃபார்வர்டிங்' வசதியும் இதையே செய்யும் என்பார்கள். ஆனால் அவற்றில் பல எச்டிடிபிக்கு மட்டும்தான் பதில் தரும். யாராவது எச்டிடிபிஎஸ் சேர்த்த முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் இணைப்பு இல்லை என்று முடியும்.

டிஎன்எஸ்ஸில் எளிதில் கண்ணில் படாத இன்னொன்று, நான்கு ஏ கொண்ட பதிவு, அதாவது ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரி (பழைய வகை ஐபிவி4). சேலை விற்பவரின் தளம் பழைய சர்வரிலிருந்து மாறியபோது ஏ பதிவு மட்டும் மாற்றப்பட்டது. ஐபிவி6 பதிவு பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. கடையில் உள்ள பிராட்பேண்டில் ஐபிவி6 இல்லாததால் அங்கே புதிய தளம் தெரிந்தது. கைபேசி வலையமைப்பில் வந்தவர்களுக்குப் பழைய விலைப்பட்டியல் தெரிந்தது. நம் நாட்டுக் கைபேசி இணைப்புகளில் பெரும்பங்கு ஐபிவி6 வழியாகவே போகிறது. "வைஃபையில் சரி, டேட்டாவில் தப்பு" என்று யாராவது சொன்னால் நான் இப்போது வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இந்தப் பதிவைத்தான் பார்க்கிறேன். புதிய சர்வரில் ஐபிவி6 உண்டு என்றால், என்ஜின்எக்ஸில் அதற்கான 'லிசன்' வரியையும், சதுர அடைப்புக்குள் இரட்டை முக்காற்புள்ளி இட்டு, தனியாக எழுத வேண்டும். அதற்கும் ஒரு முதல் தொகுதி உண்டு. ஐபிவி4-ல் சரியாகத் திரும்பிய மொட்டைப் பெயர் ஐபிவி6-ல் இன்னொரு தளத்தில் போய் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இனி திருப்பிவிடுதலுக்கு வருகிறேன். மொட்டைப் பெயர் முதன்மையா, மூன்று டபிள்யூ பெயர் முதன்மையா என்ற விவாதத்தில் அழகு பேசுபவர்கள் அதிகம். எனக்கு அதில் ஈடுபாடில்லை. நாளைக்கே வேறொரு சேவைக்கு மாற வாய்ப்புள்ள தளம் என்றால் மூன்று டபிள்யூவை முதன்மையாக்குகிறேன், ஏனென்றால் சிநேம் அங்கேதான் போட முடியும். தளம் பிரவுசரில் இட்டு வைக்கும் குக்கி என்ற குறிப்புகளும் ஒரு காரணம்: மொட்டைப் பெயருக்கென டொமைன் குறித்து வைக்கப்படும் குக்கி, முன்னால் வேறு சொல் சேர்ந்த எல்லாத் துணைப்பெயர்களுக்கும் போகும். அச்சிடுவதும் வாயால் சொல்வதும் மொட்டைப் பெயராகவே இருக்கட்டும். எது முதன்மை என்பதைவிட, ஒன்றுதான் முதன்மை என்பது முக்கியம். இரண்டு பெயர்களிலும் தளம் திறந்துகொண்டால், ஒன்றில் கூடையை நிரப்பியவர் மற்றதற்குத் தாவும்போது கூடை காலியாகத் தெரியும்.

திருப்பிவிடுவதற்கென்று தனித் தொகுதி எழுதுவதே நல்லது. முதன்மைத் தொகுதிக்குள் 'இஃப்' நிபந்தனைகள் போட்டுச் சமாளிக்க வேண்டியதில்லை. என்ஜின்எக்ஸில் 'ரிட்டர்ன்' வரியில் திருப்பிவிடும் குறியீடான 301-ஐக் குறித்து, முதன்மை முகவரியை முழுமையாக எழுதி, இறுதியில் 'ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ' என்ற மாறியை ஒட்டினால் பக்கத்தின் பாதையும் கேள்விக்குறிக்குப் பின் உள்ளவையும் அப்படியே போய்ச் சேரும். இதை ஒட்டாமல் எல்லாரையும் முகப்புக்கே அனுப்பும் அமைப்புகளை அடிக்கடி பார்க்கிறேன். அதிரசப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் முகப்பு திறக்கும், வாங்க வந்தவர் தேட வேண்டியிருக்கும். அப்பாச்சியின் 'ரீடைரக்ட்' வரியில் பாதை தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் சேரிடத்தின் இறுதியில் சாய்கோடு விடுபட்டால் 'எக்ஸாம்பிள்.காம்/அதிரசம்' என்பது 'எக்ஸாம்பிள்.காம்அதிரசம்' ஆகிவிடும். முகப்பை மட்டும் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

301 என்பது நிரந்தர மாற்றம் என்ற வாக்கு. பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே போய்விடும். தவறான இடத்துக்கு ஒரு 301 கொடுத்துவிட்டால், நாம் திருத்திய பிறகும் அதைப் பார்த்தவர்களுக்குத் தவறு தொடரும். அவர்கள் ஒவ்வொருவரிடமும் பிரவுசரின் நினைவான கேஷைத் துடைக்கச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் தற்காலிக மாற்றமான 302 கொடுத்து, எல்லா வழிகளிலும் பார்த்துத் திருப்தியான பிறகு 301 ஆக்குகிறேன். படிவங்களின் கதை வேறு. 301-லும் 302-லும் பிரவுசர்கள் படிவத்தை அனுப்பும் போஸ்ட் வேண்டுகோளை, பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும் கெட் ஆக மாற்றிவிடுவது வழக்கம். மாற்றாமல் கொண்டுசேர்க்க 307-ம், நிரந்தரமானதற்கு 2015-ல் ஆர்எஃப்சி 7538 வழியாகத் தரப்படுத்தப்பட்ட 308-ம் இருக்கின்றன. பலகாரக் கடையில் பணம் செலுத்தப்பட்டதை அறிவிக்கும் தானியங்கிச் செய்தி பழைய மொட்டைப் பெயருக்கே பதிவாகியிருந்தது. இத்தகைய செய்தியை அனுப்பும் மென்பொருள்கள் பலவும் திருப்பிவிடுதலைப் பின்தொடர்வதில்லை. பணம் வந்துவிட்டது, ஆர்டர் பட்டியலில் 'நிலுவை' என்று நின்றது. அங்கே எந்தக் குறியீடும் உதவாது. பணச் சேவையின் அமைப்பில் முதன்மை முகவரியை எழுதுவதுதான் தீர்வு. பெயர் மாற்றும் நாளில் வெளியாரிடம் பதிவு செய்துள்ள முகவரிகளை எல்லாம் தேடி எடுப்பது, சர்வர் அமைப்பை மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

திருப்பிவிடுதல் முடிவில்லாமல் சுழல்வதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான் கண்டிருக்கிறேன். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் அமைப்பில் ஒரு பெயரை முதன்மையாக வைத்திருக்க, சர்வர் மற்றதை முதன்மையாக வைத்திருப்பது ஒன்று. இருவரும் மாறி மாறித் தள்ளிவிடுவார்கள். முன்னால் நின்று பக்கங்களை விநியோகிக்கும் இடைநிலைச் சேவையான சிடிஎன் நம் சர்வரிடம் எச்டிடிபியில் பேச, சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்று திரும்பத் திரும்பச் சொல்வது மற்றொன்று.

சர்டிபிகேட்டில் மொட்டைப் பெயரும் இருக்க வேண்டும், வெறும் திருப்பிவிடுதலுக்காகவே அது இருந்தாலும். திரும்பிப் போ என்று சொல்வதற்கு முன்பே கைகுலுக்கல் முடிய வேண்டும் அல்லவா? நட்சத்திரக் குறி சர்டிபிகேட் எல்லாவற்றையும் மூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு நிலைத் துணைப்பெயர்களை மட்டுமே மூடும், மொட்டைப் பெயரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சர்டிபிகேட்டில் இரண்டு பெயர்களையும் ஒன்றாகக் கேட்டால், இரண்டுமே சோதனையில் தேற வேண்டும்; மொட்டைப் பெயர் வேறெங்கோ திரும்பிவிட்டால் மூன்று டபிள்யூ பெயரின் புதுப்பித்தலும் சேர்ந்து நின்றுபோகும். மேலே சொன்ன பழைய ஐபிவி6 பதிவு இருந்தாலும் இதே கதைதான், அவர்களின் சோதனை ஐபிவி6 முகவரி இருந்தால் அதையே முதலில் நாடும். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே காலாவதி நாளைக் கண்காணிப்பது முழுக்க நம் பொறுப்பு. இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் வா என்று பிரவுசரிடம் சொல்லும் எச்எஸ்டிஎஸ் தலைப்பு வரியைத் துணைப்பெயர்களையும் சேர்த்து இடுவதற்கு முன், எச்டிடிபிஎஸ் இல்லாத துணைப்பெயர் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். திருப்பிவிடும் வரிசையும் அதற்கேற்ப, முதலில் அதே பெயரில் எச்டிடிபிஎஸ், பிறகு முதன்மைப் பெயர் என்று இருப்பது முறை.

தமிழிலேயே டொமைன் பெயர் வாங்கி, .இந்தியா என்ற முடிவுடன் வைத்திருக்கும் ஒருவருக்கும் இதே ஏற்பாட்டைச் செய்தேன். பிரவுசரில் தமிழில் தட்டினாலும் ஹோஸ்ட் வரியில் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவத்தில்தான் வரும். சர்வரின் பெயர் வரியிலும் அந்த வடிவத்தையே எழுத வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால் பொருந்தாமல் முதல் தொகுதிக்குப் போய்விடும்.

சோதிப்பதற்கு பிரவுசரை நம்புவதில்லை. அது பழையதை நினைவில் வைத்திருக்கும். சர்வரை நேரடியாகக் கேட்கும் 'கர்ல்' கட்டளையில் பெரிய எழுத்து ஐ கொடுத்து, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும், மொட்டைப் பெயர், மூன்று டபிள்யூ பெயர் இரண்டுக்கும், முகப்பு அல்லாத ஓர் உட்பக்கத்தைக் கேட்டு 'லொகேஷன்' வரியைப் படிக்கிறேன். எண் 4, எண் 6 சுவிட்சுகளைச் சேர்த்து இரண்டு வலையமைப்புகளிலும் பார்க்கிறேன். டிஎன்எஸ் மாற்றுவதற்கு முன்பே புதிய சர்வரைச் சோதிக்க அதே கட்டளையில் 'ரிசால்வ்' என்ற வசதி உண்டு; பெயரையும் போர்ட்டையும் முகவரியையும் கொடுத்தால் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் நேராக அங்கே போய் அந்தப் பெயரில் பேசும். அமைப்பைத் திருத்தியதும் முதலில் இலக்கணச் சோதனை, பிறகு ரீலோட், அதாவது ஓட்டத்தை நிறுத்தாமல் அமைப்பை மறுபடி படிக்கச் செய்வது. ரீஸ்டார்ட் வேண்டாம், கோப்பில் பிழை இருந்தால் எல்லாருடைய தளமும் சேர்ந்து விழும்.

டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுட்காலத்தை, அதாவது டிடிஎல்லை, மாற்றத்துக்குச் சில நாட்கள் முன்பே 300 வினாடியாகக் குறைத்துவிடுகிறேன். மாற்றும் அன்று குறைத்தால் பழைய ஆயுட்காலம் முடியும்வரை பயன் இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் பலகாரக் கடையின் பெயர்களில் கை வைப்பதில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப கார்த்திகைக்கு அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். அந்த மாற்றங்கள் இப்போது என் மேசையில் பட்டியலாக இருக்கின்றன, முதலில் நிற்பது பழைய சர்வரின் ஐபிவி6 பதிவை நீக்குவது.